நடுச் சீட்டில் பாம்புக்காது

"நடுச் சீட்டுல உக்காருங்க சார், அங்க உக்காந்தாத்தான் மேடை தெரியும்" என்கிறான் கடைக்கார ஜெரோம். என்ன மேடை, எந்த மேடை, எதிர்ல ரெண்டு ஸ்பீக்கர் நிக்குது, நடுவுல ஒரு மேசை, மேசை மேல ரெண்டு ரிசீவர், ஸ்பீக்கருக்குப் பாட்டை அனுப்பற பெட்டிங்க, அதுக்குப் பின்னாடி சுவர், சுவர் பூரா முட்டை அட்டையாட்டம் குழி குழியாப் பஞ்சு. சரி, உக்காந்துட்டேன். மூணு பேர் உக்கார்ற சோபா. வசந்தாமணி எனக்கு இடது கைப்பக்கம் வந்து, முந்தானையை ஒதுக்கிக் கைப்பையை மடியில வெச்சு, பஸ்சுல ஜன்னல் சீட்டு கிடைச்ச மாதிரி உக்காந்துட்டா. கட்டின பொண்டாட்டி இடது பக்கம் உக்காந்ததுல எனக்கொண்ணும் வருத்தமில்லை. வலது பக்கம் காலியாக் கிடக்குதே, அதுதான் உதைக்குது. அந்தப் பக்கம் எவனாவது வந்து உக்காந்து எதையாவது கேட்டுத் தொலைச்சா என் கதை முடிஞ்சது. ஏன்னா என் வலது காது கேக்கறதில்லை. கொஞ்சம் மந்தம், லேசா அடைப்பு, அதெல்லாம் இல்லை, சுத்தமா அவுட்டு. போன மார்கழியிலிருந்து அப்படித்தான். இது தெரிஞ்சது எனக்கும் காந்திபுரத்துல ஒரு காது டாக்டருக்கும் மட்டும்தான். ஒத்தைக் காதை வெச்சுக்கிட்டு ஸ்டீரியோ ரிசீவர் பொறுக்க வந்திருக்கேன், அதுவும் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு. என்னையாட்டம் ஒரு கிறுக்கன் கோயமுத்தூர் ஜில்லாவுல இருப்பானா. ஜெரோம் ஒரு ரெக்கார்டை உறையிலிருந்து உருவறான், ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல, கைக்குழந்தையைத் தூக்கற மாதிரி. பின்னாடி குடுமி போட்டிருக்கான், நாப்பது வயசுல. நல்ல பையன்தான். சத்தம்னா உசுரு. அதுதான் இப்ப எனக்கு எமன்.

நாச்சிமுத்துன்னா மில்லுல ஒருத்தனுக்கும் தெரியாது, பாம்புக்காதுன்னாத்தான் தெரியும். நூல் மில்லு. வரிசை வரிசையா மிஷின் ஓடும், பேசினா பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்காது, அதுக்கு நடுவுல நான் பாட்டுக்கு நடந்து போயிக்கிட்டே, டேய், அந்தக் கடைசி மிஷின்ல பேரிங் போகப் போகுது, பாருன்னு சொல்லுவேன். பிரிச்சுப் பார்த்தா போயிருக்கும். ஸ்குரூ டிரைவர் முனையை மிஷின் மேல வெச்சு, கட்டைப் பிடியைக் காதுல வெச்சா உள்ள இருக்கிற பேரிங் தன் ஜாதகத்தையே ஒப்பிக்கும். எந்தக் காதுல வெச்சேன்? வலது காதுல. நிறைய உழைச்சது அதுதான், அதனால அது இடது காதுக்கு முந்தியே ரிட்டையர் ஆயிருச்சு. நான் ரிட்டையரானப்புறமாவது விட்டாங்களா. மிக்ஸி ஒரு மாதிரி கத்துதுங்க, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. காரு கடகடங்குது மாமா, சித்தெ வந்து காது குடுங்க. ஒருத்தன் கல்யாணத்துக்குப் பார்த்த பொண்ணோட பாட்டை போன்ல பதிஞ்சுட்டு வந்து, சுருதி சேருதான்னு கேட்டான், என்ன சொல்ல. இவ இருக்காளே, வசந்தாமணி, இவ ஒருத்தி போதும், ஊரைக் கூட்ட. எங்கூட்டுக்காரருக்குப் பக்கத்துத் தெருவுல கொசு பறந்தாக் கேக்குமுங்கன்னு வீட்டுக்கு வர்ற ஒரம்பரை சனத்துக்கெல்லாம் சொல்லுவா, காபி ஆத்தறதுக்கு முன்னாடி சொல்லுவா. எனக்கு உசரம் கம்மி, படிப்பு கம்மி, மண்டையில முடி கம்மி, இதையெல்லாம் இவ ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்லை, ஏன்னா காது இருந்துச்சு. அது போச்சுன்னா நான் யாரு. வெறும் நாச்சிமுத்து. அவ வாயால அந்தக் கொசுவை இனி சொல்ல மாட்டா. அதை நினைச்சாத்தான் எனக்கு பயமா இருக்கு. டாக்டர் நரம்பு செத்துப் போச்சுன்னப்பகூட இவ்வளவு பயப்படலை. முடி வெட்டப் போறேன்னு பொய் சொல்லிட்டுத்தான் டாக்டர்கிட்டப் போனேன், போனவன் முடி வெட்ட மறந்துட்டேன். வீட்டுக்கு வந்தா இவ என் தலையைப் பார்த்தா. "கடை லீவுங்களா"ன்னா. ஆமான்னேன். "இன்னைக்குச் செவ்வாக்கிழமை பாருங்க" அப்படின்னு அவளே சொல்லிட்டு உள்ள போயிட்டா. அப்பாவி.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் எங்க வீட்டுப் பழைய ரிசீவர். காரணம்னா, அது பாவம் ஒண்ணும் பண்ணலை. சாயங்காலம் விளக்கு வெச்சதும் ஒரு ரெக்கார்டு போடுவேன், இவ அவரைக்காயைக் கிள்ளிக்கிட்டே கூட முனகுவா, எங்க ரெண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு அந்த ஒரு நேரம்தான் நேரம். அப்படிப் போட்டுக்கிட்டிருக்கிறப்ப ஒரு நாள் வலது பக்கம் மெலிஞ்சது. ரிசீவர்ல ஒரு பக்கத்துச் சேனல் போயிருச்சுன்னேன். மில்லுக்காரன் புத்தி, உடனே ஒயரை மாத்திப் போட்டேன், வலதுதான் மெலிசு. ஸ்பீக்கர்களை இடம் மாத்தினேன், அப்பவும் வலது. மெக்கானிக்கை வரச் சொன்னேன், அவன் கேட்டுட்டு நல்லாத்தானுங்க பாடுதுன்னான், உனக்குக் காது இருக்காடான்னு கேட்டுத் தொரத்திட்டேன். யாருக்கு இல்லைங்கிறது அப்புறம்தானே தெரிஞ்சது. இவ கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, ரெக்கார்டை ஓட விட்டுட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உக்காந்தேன். கோளாறு டபக்குன்னு அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவிருச்சு. மிஷினைத் தொடாம ஆளைத் திருப்பினாக் கோளாறு மாறுதுன்னா, அது மிஷின் கோளாறு இல்லை. கண்டுபிடிச்சுட்டேன்னு ஒரு நிமிசம் எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா. அடுத்த நிமிசம்தான் என்னத்தைக் கண்டுபிடிச்சேன்னு உறைச்சது. அதுக்குள்ள இவ வந்துட்டா, கையில விபூதியோட. "ஏனுங்க, சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கறீங்க?" சுவத்துல விரிசல் இருக்கான்னு பார்க்கிறேன்னேன். சுவத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தா. "வெள்ளையடிக்கோணும்"னா. நல்லவேளை, தப்பிச்சேன். ஆனா அதுக்கு முன்னாடியே ரிசீவர் செத்துருச்சுன்னு தெரு பூரா சொல்லியாச்சு, பெங்களூர்ல இருக்கிற மக வரைக்கும் சேதி போயி, அவ புதுசு வாங்குங்கப்பான்னு உசுரை எடுத்துட்டா. இல்லை கண்ணு, ரிசீவர் நல்லாருக்கு, அப்பாதான் ரிப்பேர்னா சொல்ல முடியும்? பழசை மச்சினன் தூக்கிட்டுப் போனான். வாரம் ஒரு தடவை போன் பண்றான், என்னமாப் பாடுது மாமா, எப்படி சரியாச்சுன்னே தெரியலைன்னு. அந்த ரிசீவருக்கு வாய் இருந்தா என் மேல கேஸ் போட்டிருக்கும்.

"டீயா காபியா சார்?" இப்படி யாரோ யார்கிட்டயோ கேட்ட மாதிரி இருந்துச்சு, எங்கிருந்துன்னு தெரியலை, திரும்பிப் பார்க்கறதுக்குள்ள, "அவருக்குச் சக்கரை இல்லாம டீங்க, எனக்கு ஒண்ணும் வேண்டாம்" அப்படிங்கறா வசந்தாமணி. பார்த்தா ஜெரோம் எனக்கு வலது பக்கம் குனிஞ்சு நிக்கிறான். இப்பல்லாம் இதே வேலையாப் போச்சு இவளுக்கு, என்னை யாராவது எதாவது கேட்டா நான் வாய் திறக்கிறதுக்குள்ள பதில் சொல்லிடறா, வயசானா பொம்பளைங்களுக்கு இது ஒரு வியாதி. அது மட்டுமா, இருக்கிற இருப்பையெல்லாம் மாத்திட்டா. தை பொறந்ததும், ஜன்னல் பக்கம் பனி அடிக்குதுன்னு கட்டில்ல அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துட்டா. சித்திரை வெயில்ல பனி ஏது, திரும்பிப் போயேன்னா, பழகிருச்சுங்கிறா. சாப்பாட்டு மேசையில ஃபேன் காத்து நேரா அடிக்குதுன்னு எனக்கு இடதாண்டை சேரைப் போட்டுக்கிட்டா. நடக்கப் போனா ரோட்டுப் பக்கம்தான் நடப்பேன்னு அடம், லாரி வர்றதே அந்தப் பக்கம்தான், சொன்னாக் கேட்டாத்தானே. நான் ஒண்ணும் சொல்றதில்லை. நம்மகிட்டயே ஒரு ஓட்டை இருக்கிறப்ப அடுத்தவங்க கிறுக்கை நோண்டக் கூடாது, பாருங்க. நேத்து மாடி வீட்டுக்காரர் போர் மோட்டார் சத்தம் சரியில்லைன்னு வந்தார். இவ வழக்கம்போல கொசுவைப் பறக்க விட்டா, எங்கூட்டுக்காரர் காதுக்கு ஈடு ஏதுன்னா, அப்புறம் அதே வாயில, "ஆனா அவருக்கு ரெண்டு நாளா சளிங்க, காது அடைச்சிருக்குது, மெக்கானிக்கைக் கூப்பிட்டுருங்க" அப்படின்னுட்டா. எனக்கு ஏது சளி? சட்டையை மாட்டிக்கிட்டு வேணும்னே போனேன். மோட்டார்கிட்டக் குனிஞ்சு, கண்ணை மூடி, காதைக் கொஞ்ச நேரம் வெச்சிருந்து, பேரிங்னேன். எப்பவும் பேரிங்தான். காது இல்லாதவனும் பேரிங்னு சொன்னாப் பாதிக்கு மேல சரியா வரும்.

இங்க பேரிங்னு சொல்லித் தப்பிக்க முடியாது போலிருக்கு. ஜெரோம் ஊசியை இறக்கறான். சர்ருன்னு ஒரு சத்தம், அப்புறம் தபலா. "ஜோடிப் பாட்டு சார். ஆம்பளைக் குரல் ஒரு பக்கம், பொம்பளைக் குரல் ஒரு பக்கம்னு பிரிச்சுப் பதிஞ்சிருக்காங்க. ரெண்டு பேரும் எதிரெதிர்ல நின்னு பாடற மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்குங்க. அந்தம்மா பாடறப்ப எங்க நிக்கிறாங்கன்னு மட்டும் கை காட்டுங்க. நல்ல காதா இருந்தா மூக்கு நுனியில நிக்கிற ஈ மாதிரி தெரியும்." எவன்டா இவன், கண்ணு ஆசுபத்திரியில போர்டைக் காட்டிப் படிக்கச் சொல்ற மாதிரி. கண்ணை மூடிட்டேன். ஆம்பளை பாடறான். சரி. அவ பாடறா. எங்க? எங்க நிக்கிறா? எனக்கு எல்லாச் சத்தமும் இடது பக்கம் ஒரே மூட்டையாத்தான் வருது, தபலாக்காரன், புல்லாங்குழல், அவன், அவ, ரோட்டுல போற ஆட்டோ ஆரன் எல்லாம் ஒரே நெரிசல்ல. யோசிச்சா வழி கிடைக்கும். ரெண்டே பக்கம்தான், பாதிக்குப் பாதி வாய்ப்பு. மெதுவா இருக்கிறவ தூரத்துல இருக்கான்னா... சீச்சீ, தூரம் வேற பக்கம் வேற. சரி, இடதுன்னு வெச்சுக்குவோம்னு இடது கையைத் தூக்கறேன். பட்டுன்னு தொடை மேல அமுக்கிட்டா வசந்தாமணி. கண்ணை மூடினபடியே தெரிஞ்சது, அவ வளையல் என் மணிக்கட்டுல அழுந்துது. பொது இடத்துல பீச்சாங்கையை நீட்டறேன்னு மானம் போகுதாமா இவளுக்கு. இந்த நேரத்துல மரியாதை ரொம்ப முக்கியம். சரின்னு வலது கையைத் தூக்கினேன், வலது கை வேற எங்க போகும், வலது பக்கம்தான் போச்சு. "அட்ரா சக்கை!" கத்தறான் ஜெரோம். "கரெக்டா அங்கதான் நிக்கிறாங்க! மேடம், சாருக்குத் தங்கக் காது!" வசந்தாமணி சொல்றா, "பக்கத்துத் தெருவுல கொசு பறந்தாக் கேக்குமுங்க." சொல்லிட்டு, அமுக்கின கையை எடுக்கவே இல்லை. எனக்கு முதுகுல வேர்த்துக் கொட்டுது.

இனி ரெண்டுல ஒண்ணைப் பொறுக்கோணும். ஒண்ணு கருப்பு, புதுசு, முன்னாடி ஒரே ஒரு திருகுதான், கையில ரிமோட்டு. இன்னொண்ணு வெள்ளிக் கலர், பழைய ஜப்பான் சரக்கு, மரப்பெட்டி, முகம் பூரா பட்டனும் திருகும், என்ன எதுக்குன்னு செஞ்சவனுக்கே மறந்திருக்கும். மாத்தி மாத்திப் போட்டுக் காட்டறான். "வித்தியாசம் தெரியுதுங்களா சார்?" தெரியுது தெரியுதுன்னு தலையை ஆட்டறேன். கருப்பைப் பத்திப் பேசறப்ப அவன் முகம் கொஞ்சம் மலருது, அதைப் பிடிச்சுக்கிட்டேன். "கருப்புல கொஞ்சம் விரிஞ்சு கேக்குது, தம்பி. வெள்ளியில அடிச் சத்தம் கொஞ்சம் தூக்கல்" அப்படின்னு விட்டேன் ஒரு விடு. ஜெரோம் கையெடுத்துக் கும்பிட்டுட்டான். முடிஞ்சது, காசைக் குடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான்னு எந்திரிச்சா, உக்காருங்க சார்ங்கிறான், கடைசியா ஒரு தடவை ஹெட்ஃபோன்ல கேட்டுருங்க, ஸ்பீக்கர்கூட பொய் சொல்லும், ஹெட்ஃபோன் பொய்யே சொல்லாது. வேண்டாம் தம்பின்னேன். கேட்டாத்தானே. மாட்டி விட்டுட்டான் தலையில, கல்யாணத்துல தலைப்பாகை கட்டி விடற மாதிரி.

ஆம்பளை பாடறான். நல்லாப் பாடறான், இடது காதுக்குள்ள வந்து உக்காந்துட்டான். ஏதோ கேக்கறான் அவகிட்ட. வருவியான்னு கேக்கறானோ, மறப்பியான்னு கேக்கறானோ. கேட்டுட்டு நிறுத்தறான். அவ பதில் சொல்லலை. தபலா மட்டும் தூரத்துல தட்டிக்கிட்டிருக்குது, கதவைத் தட்டற மாதிரி. மறுபடி கேக்கறான். அவ வாயே திறக்கலை. ஸ்பீக்கர்லயாவது அங்க இங்க முட்டி மோதி இந்தக் காதுக்கு அவ குரல் கொஞ்சம் வந்துச்சு, இதுல அந்தப் பக்கம் அடைச்ச கதவு. அடப்பாவி, அவ அங்கதான் பாடறா, செத்த காதுக்குள்ள முழுசாப் பாடிக்கிட்டிருக்கா, எனக்குத்தான் வந்து சேரலை. ஜெரோம் முகத்தைப் பார்த்தா, அவ பாடற இடத்துலதான் அவன் கண்ணு சொக்குது, வால்யூம் வெளிய வரைக்கும் கசியுது போல. நானும் சொக்கற மாதிரி தலையை ஆட்டறேன், ஆட்டிக்கிட்டே இருக்கேன். ஒண்ணுமில்லாததுக்குத் தலையாட்டிக்கிட்டிருக்கேன். இப்படித்தான் இனிமேல் சாயங்காலமெல்லாம். இந்தக் காதும் ஒரு நாள் போச்சுன்னா? இவ அவரைக்காய் கிள்ளிக்கிட்டே முனகறது? ஏனுங்கன்னு கூப்பிடறது? இந்தப் பாட்டுக்காரன் கேட்டுக் கேட்டு ஓஞ்சு போற மாதிரி நான் பேசிக்கிட்டே இருப்பேன், இவ பதில் சொல்லிக்கிட்டே இருப்பா, எனக்கு வந்து சேராது. கண்ணுல பொசுக்குன்னு தண்ணி வந்துருச்சு, கருமம், கடையில உக்காந்து. ஜெரோம் என்னைக் காட்டி இவகிட்ட என்னமோ சொல்றான், பாட்டு சாரை உருக்கிருச்சுங்கிறான்னு நினைக்கிறேன். நான் இடது பக்கக் கப்பை விலக்கறேன். வசந்தாமணி என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. அப்புறம் எந்திரிச்சு, கைப்பையைத் தோள்ல மாட்டி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, மேசைக்குப் போயி அந்த வெள்ளிக் கலர் ரிசீவர் முன்னாடி குனிஞ்சு, காய்கறிக் கடையில கத்திரிக்காய்க்குப் பூச்சி பார்க்கிற மாதிரி ஒவ்வொரு பட்டனாப் பார்த்தா.

"ஏனுங் தம்பி, மோனோன்னு ஒரு பட்டன் இருக்குமே, ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒண்ணாக் கலந்து ரெண்டு காதுக்கும் குடுக்கிறது. இதுல எதுங்க அது?" ஜெரோம் முகத்தைப் பார்க்கோணும், கோயில்ல போயி ஆம்லெட் கேட்ட மாதிரி ஆயிட்டான். "மேடம், அது... அந்தக் காலத்து ரெக்கார்டுக்காக வெச்சது. ஸ்டீரியோ வாங்கிட்டு யாராவது மோனோவுல கேப்பாங்களா?" "நாங்க கேப்போம்." "சார் கருப்புதான் வேணும்னு..." "கருப்புல அந்தப் பட்டன் இருக்குதுங்களா?" இல்லைன்னு தலையை ஆட்டினான். "அப்ப இதைக் கட்டுங்க" அப்படின்னா, வெள்ளிக் கலரைத் தட்டி. நான் உக்காந்த இடத்துல அப்படியே இருக்கேன். தை மாசத்து ஜன்னல் பனி. ஃபேன் காத்து. ரோட்டுப் பக்கம். எனக்கு வராத சளி. செவ்வாக்கிழமை முடி வெட்டு. அடி வசந்தாமணி. தெரிஞ்சுமா நேத்துக் கொசுவைப் பறக்க விட்டே, தெரிஞ்சுமா இப்ப இவன்கிட்டயும் விட்டே. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை அவ. ஹெட்ஃபோன் ஒயரைப் பிடுங்கி வெள்ளிக் கலர்ல அவளே சொருகினா, ஜெரோம் ஊசியைத் தூக்கி மறுபடி பாட்டோட தலையில வெச்சான், இவ ஒத்தை விரலால, காலிங் பெல்லை அமுக்கற மாதிரி, அந்தப் பட்டனை அமுக்கினா. நான் கப்பைக் காதுல மூடிக்கிட்டேன். ஆம்பளை கேட்டான். நிறுத்தினான். அவ பதில் சொன்னா. அவன் பக்கத்துலயே, அதே இடது காதுல, நெருக்கியடிச்சுக்கிட்டு நின்னு, எத்தனை அழகா, மூச்சு விடறதுகூடத் தெரியுது, பதில் சொன்னா. வசந்தாமணி எனக்கு எதிர்ல வந்து நிக்கிறா, வாய் அசையுது, கேக்குதுங்களான்னு கேக்கறா. ஹெட்ஃபோன் மாட்டியிருக்கிறது ஞாபகமில்லாம, மில்லுல மிஷினுக்கு நடுவுல கத்தற மாதிரி, கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "கேக்குது அம்மிணி, கேக்குது!"